தராசு யார் கையில்?

தேயிலைத் தோட்டத்தில் நாள் எடையில்தான் முடியும். பறித்த இலையை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, எடை போடும் இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மூட்டை தராசில் ஏறும். சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போகும். மிச்சம் நோட்டில் ஏறும். நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தாண்டினால் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் காசு, தாண்டாவிட்டால் பேச்சு. நீலகிரியின் பந்தலூர் வட்டாரத்தில் சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் பக்கம் வாழும் பல குடும்பங்கள் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் 1976-இல் டேன்டீ என்ற கழகமாயிற்று. கடல் தாண்டி வந்தும் அந்த வரிசை மாறவில்லை. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுடைய தாத்தா பாட்டிகள் இதே வரிசையில்தான் நின்றார்கள். அங்கே எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. பாதிச் சம்பளம்தான்.

வருடக்கணக்காக இலை எடுத்த ஒருவருக்குத் தன் மூட்டை எத்தனை கிலோ இருக்கும் என்பது தூக்கும்போதே தோளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நோட்டில் இருக்கும் எண்தான் செல்லுபடியாகும். இலக்கு வைத்தவர் ஒருவர், அளப்பவர் ஒருவர், உழைப்பவர் ஒருவர்.

அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அங்கேயும் இந்த மூன்று பேர்தான். பாடத்திட்டத்தை வைத்தவர் சென்னையில் இருக்கிறார். அளப்பவர் கையில் சிவப்புப் பேனா இருக்கிறது. பிள்ளையின் பங்கு எழுதிக்கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. கற்பவரே தன் இலக்கை வைத்துக்கொண்டு தானே அதைத் துரத்தினால் கற்றல் மேம்படுமா என்ற கேள்வியை உளவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்த விடை நாம் எதிர்பார்ப்பதைவிடச் சற்று வளைந்தது.

இலக்கைத் துருவியவர்களில் இருவர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. காட்டில் மரம் ஏற்றுகிற இடத்துக்குத்தான் போனார்கள்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வெட்டிய மரங்களை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள். சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஏற்றிக்கொண்டுதான் அவை ஓடின. ‘முடிந்தவரை ஏற்றுங்கள்’ என்பதே அதுவரை ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கேரி லேதம், ஜேம்ஸ் பால்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 36 லாரிகளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள்: 94 சதவீதம். எட்டினால் பரிசு இல்லை, எட்டாவிட்டால் தண்டனை இல்லை. முதல் மாதம் சுமை 80 சதவீதத்துக்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70-க்கு இறங்கியது. தண்டனை இல்லை என்று சொன்னது மெய்தானா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்களாம். மெய்தான் என்று தெரிந்ததும் மூன்றாம் மாதத்திலிருந்து 90-ஐத் தாண்டி அங்கேயே நின்றது. 1975-இல் வெளியான இந்த ஆய்வை மேலாண்மை வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். ‘முடிந்தவரை’ என்பது இலக்கே அல்ல, தெளிவான, சற்றுக் கடினமான எண்தான் மனிதரை இழுக்கும் என்று அதிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். எட்வின் லாக் 1960களிலிருந்து சொல்லிவந்த இலக்குக் கோட்பாட்டின் மையக் கருத்தும் அதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு சின்ன விஷயம். எடைமேடைக்குப் போகும் முன்பே சுமையைக் கண்ணால் கணிக்க வசதியாக வண்டியில் இன்னின்ன மாற்றங்கள் செய்து தாருங்கள் என்று ஓட்டுநர்கள் தாங்களாகவே யோசனை சொல்லத் தொடங்கினார்கள். எண்ணைக் கொடுத்தது நிர்வாகம். அளவுகோலைச் செய்துகொண்டது ஓட்டுநர். இந்த அத்தியாயம் முழுக்க அந்த அளவுகோலைத்தான் பின்தொடரப் போகிறோம்.

இலக்கை யார் வைக்க வேண்டும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டையே நடந்தது. மேலிருந்து கொடுத்த இலக்கும் சேர்ந்து பேசி வைத்த இலக்கும் ஒரே பலனைத்தான் தருகின்றன என்று லேதமின் சோதனைகள் காட்டின. இஸ்ரேலைச் சேர்ந்த மிரியம் எரெஸின் சோதனைகளோ, கொடுத்த இலக்கு தோற்கிறது, பேசி வைத்த இலக்கு வெல்கிறது என்றன. இரண்டு பேரும் நேர்மையான ஆய்வாளர்கள். முடிவு மட்டும் எதிரெதிர். வழக்கமாக இப்படி நேர்ந்தால் ஆளுக்கொரு கட்சி சேர்த்துக்கொண்டு இருபது வருடம் கட்டுரைப் போர் நடக்கும். இவர்கள் வேறு வழியில் போனார்கள். இருவருக்கும் நண்பரான லாக்கை நடுவராக வைத்துக்கொண்டு, சண்டையைத் தீர்க்கும் சோதனைகளை எதிராளிகளே சேர்ந்து வடிவமைத்தார்கள். 1988-இல் முடிவு வந்தது. லேதம் தன் சோதனைகளில் இலக்கைக் கொடுக்கும்போது அதற்கான காரணத்தையும் சொல்லி, ‘உங்களால் முடியும்’ என்ற தொனியில் கொடுத்திருந்தார். எரெஸின் சோதனைகளில் இலக்கு மொட்டையாக வந்தது: இதைச் செய், அவ்வளவுதான். காரணத்தோடு கொடுத்த இலக்கு, பேசி வைத்த இலக்குக்குச் சமமாக நின்றது. மொட்டையாகக் கொடுத்ததுதான் தோற்றது.

அப்படியானால் பிள்ளைகளிடம் நாம் காரணத்தை விளக்கினால் போதும், அவர்களே இலக்கு வைக்க வேண்டியதில்லை என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். டேல் ஷங்க் என்ற கல்வி உளவியலாளர் 1985-இல் ஆறாம் வகுப்பில் படிக்கும், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கழித்தல் கணக்குப் போடவைத்தார். ஒரு குழு தன் இலக்கைத் தானே வைத்தது. இன்னொரு குழுவுக்கு இலக்கு கொடுக்கப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. தானே வைத்த குழுதான் திறமையிலும் தன்னம்பிக்கையிலும் முன்னால் வந்தது.

இந்த இரண்டு முடிவுகளும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. லேதமும் எரெஸும் சோதித்தது வளர்ந்தவர்களை. தன்னால் எது முடியும், எது முடியாது என்று அவர்களுக்கு ஓரளவு தெரியும். ஷங்க் சோதித்த பிள்ளைகளோ ‘உனக்கு வராது’ என்ற சொல்லை வருடக்கணக்காகக் கேட்டவர்கள். அப்படிப்பட்டவரிடம் ‘இன்று எத்தனை போடலாம், நீயே சொல்’ என்று கேட்பதில் அவர் மீது வைக்கும் நம்பிக்கையும் சேர்ந்தே போகிறது. கணக்கைவிட அதுதான் முதலில் வேலை செய்திருக்க வேண்டும். பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அந்தக் கேள்வி இன்னும் அவசியமாகிறது.

கிட்டத்தில் ஒரு கல்

ஷங்க், ஆல்பர்ட் பண்டூராவோடு சேர்ந்து 1981-இல் செய்த சோதனையை நான் ஆசிரியர் கூட்டங்களில் கட்டாயம் சொல்வதுண்டு. ஏழு முதல் பத்து வயது வரையுள்ள 40 பிள்ளைகள். கழித்தல் கணக்கென்றாலே முகம் சுளிப்பவர்கள். 42 பக்கப் பயிற்சி, ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பார்க்கலாம் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கமும் முடிக்கப் பார்க்கலாம் என்றார்கள். பயிற்சி ஒன்றுதான், மொத்தமும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு இலக்கே சொல்லவில்லை. ஆறு ஆறாகப் போன பிள்ளைகள் எல்லாரையும் விட முன்னே போனார்கள். தொலைவில் 42 என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இலக்கே இல்லாதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பிறகு, விருப்பமிருந்தால் செய்யலாம் என்று கழித்தலையும் வேறொரு பயிற்சியையும் அருகருகே வைத்தபோது, ஆறு ஆறாகப் போன பிள்ளைகள்தான் அதிகமாகக் கழித்தலைத் தாமே எடுத்துச் செய்தார்கள். வெறுத்த பாடம் பிடித்த பாடமாகிவிட்டது.

ஏன் என்று பண்டூரா விளக்கினார். கிட்டத்து இலக்கை எட்டும் ஒவ்வொரு முறையும் ‘எனக்கு வருகிறது’ என்பதற்கு ஒரு சான்று கைக்குக் கிடைக்கிறது. தொலைவு இலக்கில் அந்தச் சான்று கடைசி நாளில் மட்டும்தான் கிடைக்கும். அதற்குள் பிள்ளை மனம் விட்டிருக்கும்.

தொலைவு இலக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஏமாந்த கதை பந்தலூர் மண்ணிலேயே உண்டு. 1879-இல் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் அனுபவமுள்ள ராபர்ட் பிரவ் ஸ்மித் இங்கே வந்து பார்த்து, மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. பந்தலூருக்கும் தேவாலாவுக்கும் கனமான எந்திரங்கள் மலையேறி வந்தன. பாறையில் டன்னுக்கு எவ்வளவு தங்கம் தேறும் என்பதைப் படிப்படியாகச் சோதித்துவிட்டு அடுத்த அடி வைத்திருக்கலாம். அந்தப் பொறுமை இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் மூழ்கின. மிஞ்சியது தேயிலைதான். முதலீட்டாளருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வையே முதல் எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு ஓடும் பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

கிட்டத்தில் கல் நடும் வேலையை ஒரு மாநிலம் முழுக்கச் செய்து பார்த்தது தமிழ்நாடு. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப் பள்ளிகளுக்காக பத்மநாப ராவும் ரமாவும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்புப் பிள்ளைகள். அங்கே எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் நிறுத்த முடியாது. அதனால் பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாக உடைத்து, அவற்றை ஏணிப்படிகளாக அடுக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தழுவிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-இல் அது 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது. அப்போது தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு நினைவிருக்கும். தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் ஓவியங்கள் ஆடும். சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். வருகைப் பதிவைப் பிள்ளையே போட்டுக்கொள்ளும். சுவரில் ஏணி. அதில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அட்டையின் படச் சின்னத்தை வைத்து அலமாரியில் தேடி எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் உட்கார வேண்டும். சில அட்டைகளுக்கு டீச்சர் துணை, சிலவற்றுக்குப் பக்கத்துப் பிள்ளை துணை, சிலவற்றைத் தானே. மதிப்பீட்டு அட்டையை முடித்தால் அடைவு அட்டவணையில் குறித்துக்கொண்டு அடுத்த படி.

இந்த முறை பந்தலூருக்காகவே செய்தது போல எனக்குத் தோன்றும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டும் கொட்டு தமிழ்நாட்டில் வேறெங்கும் காண்பது அரிது. தேவாலாவின் மழையளவு செய்தியில் வராத வருடம் கிடையாது. கூடலூர், பந்தலூர் தாலுகா பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவிப்பதும் வருடா வருடம் நடக்கும். மழை விட்டாலும் வழியில் யானை நின்றால் பிள்ளை வீட்டில்தான். பத்து நாள் கழித்து வகுப்புக்கு வரும் பிள்ளை, கரும்பலகை வகுப்பில் பத்து நாள் பின்தங்கியவர். ஏணி வகுப்பில் அவர் விட்ட படியிலேயே நிற்கிறார். ‘நீ எங்கே விட்டாய்?’ என்று டீச்சர் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைக்கே தெரியும்.

குறைகளும் இருந்தன, சின்னக் குறைகள் அல்ல. அட்டை தொலைந்தால் படியே தொலையும். நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நிற்கும்போது ஆசிரியர் திணறினார். ‘பாடம் நடத்தாமல் விளையாட விடுகிறார்கள்’ என்று பெற்றோர் முணுமுணுத்தனர். அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. பிள்ளை வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம், திசையைத் தேர்ந்தெடுக்க முடியாது. படிகளை அடுக்கியவர்கள் வேறு யாரோ. பிள்ளைகளுக்குத் தன்னுரிமை தரும் முறையை ஆசிரியர்களுக்கு அரசாணையாகக் கொடுத்தார்கள் என்பதும் உறுத்துகிறது. எரெஸ் கண்ட மொட்டைக் கட்டளையின் பலன் ஆசிரியர் அறைகளில் தெரிந்தது. பிறகு வந்த எளிமைப்படுத்தல்களில் ஏணி தேய்ந்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் அமர்கிறார்கள். நிலைக்கேற்பக் கற்பிப்பது என்ற கரு தொடர்கிறது. ஆனால் ‘நான் எந்தப் படியில்?’ என்று பிள்ளை தானே சுவரில் பார்த்துக்கொண்டதே, அந்த வழக்கம் போனதுதான் என் கணக்கில் பெரிய இழப்பு.

யாருடைய ஊர், யாருடைய ஏணி

பந்தலூர்ப் பக்கத்து ஒரே வகுப்பில் இலங்கைத் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை, மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை, செட்டி வீட்டுப் பிள்ளை, பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் வீட்டுப் பிள்ளை எல்லாரும் சேர்ந்து உட்காரலாம். பணியர் குழந்தைக்கு வீட்டில் பணியமொழி. பள்ளியின் முதல் படி அதற்கு நாலாம் படி உயரத்தில் தொடங்குகிறது. அதன் இலக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்கும் மொழியே நம்மிடம் இல்லை.

கேட்டுப் பார்த்தவர்களும் இங்கே உண்டு. கூடலூரில் ராம்தாஸ், ரமா சாஸ்திரி தம்பதி தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்காக வீட்டில் தொடங்கிய வித்யோதயா பள்ளி, 1990களின் நடுவில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளியாக மாறியது. பழங்குடி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். அதே சங்கமும் அக்கார்டு அமைப்பும் சேர்ந்து 1990-இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பது, மருந்தளவைக் கணக்கிடுவது, பிரசவம் பார்ப்பது. பள்ளியில் பின்னக் கணக்கு வராதவர் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர் மருந்தளவுக்காகப் பின்னம் கற்கும்போது, படி எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரிகிறது. அந்த மருத்துவமனைக்கு வரும் நோயாளி அவருடைய அத்தையாகவோ பெரியப்பாவாகவோ இருக்கலாம்.

கற்பவரின் இலக்கிலிருந்தே தொடங்கலாம் என்பதை வளர்ந்தவர்கள் விஷயத்தில் ஒரு மாவட்டமே நிரூபித்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தறிவு இலக்கோடு போனது. அங்கே பெண்கள் பிடித்துக்கொண்டது சைக்கிளை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் புத்திசாலி. அது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லையே என்று சொல்லாமல் சைக்கிளையும் இயக்கத்தின் பாடமாக்கினார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளே நல்லது, நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்றார்கள். கல் உடைக்கும் பெண்ணுக்குச் சைக்கிள் இருந்தால் பஸ்ஸை எதிர்பார்க்காமல் வேலைக்குப் போகலாம், தண்ணீர் எடுக்கலாம். எழுத்து அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தது. கற்பவர் கொண்டுவரும் இலக்கு, கற்பிப்பவர் கையில் வைத்திருக்கும் இலக்கைப் போலவே இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றத் தெரிந்தால் போதும்.

இனி மேல்வகுப்புக்கு வருவோம். ‘இந்த முறை கணக்கில் 90 எடுப்பேன்’ என்று ஒரு மாணவி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுகிறார். தெளிவானது, கடினமானது, அவரே வைத்தது. லாக் சொன்ன எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. இருந்தும் அது அவரைக் கவிழ்க்கலாம். 1996-இல் வின்டர்ஸ், லேதம் இருவரும் மாணவர்களுக்கு வகுப்பு அட்டவணை தயாரிக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை எளிதாக இருந்தபோது, ‘இத்தனை முடிக்க வேண்டும்’ என்ற எண் உதவியது. வேலை சிக்கலாகி, செய்யும் வழியையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தபோது அதே எண் கெடுத்தது. எண் பெற்றவர்கள் ‘முடிந்ததைச் செய்’ என்று விடப்பட்டவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். ‘இதைச் செய்ய இத்தனை வழிகளைக் கண்டுபிடி’ என்று இலக்கு பெற்றவர்கள் எல்லாரையும் முந்தினார்கள். தெரிந்த வேலையில் முடிவை இலக்காக்கலாம். தெரியாத வேலையில் வழியைத்தான் இலக்காக்க வேண்டும்.

பேரி சிம்மர்மேனும் அனஸ்தேசியா கிட்சான்டஸும் 1997-இல் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அம்பு எறியும் விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். நட்ட நடுவில் படவேண்டும் என்பதை மட்டும் முதலிலிருந்தே நினைத்தவர்கள் பின்தங்கினார்கள். முதலில் கை வீச்சின் ஒவ்வொரு பகுதியையும் கவனித்து, அது பழகிய பிறகு புள்ளிக்கு மாறியவர்கள் முன்னே போனார்கள். ஒவ்வொரு வீச்சையும் தாங்களே எழுதி வைத்தவர்கள் இன்னும் நன்றாக ஆடினார்கள். மறுபடியும் நோட்டு, அதுவும் கற்பவரின் கையிலிருக்கும் நோட்டு.

ஆகவே அந்த மாணவியின் நோட்டில் 90-க்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது எந்த இடத்தில் எனக்குக் குழப்பம் வருகிறது என்று இந்த வாரம் கண்டுபிடிப்பேன். அதற்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரி. அதற்கு பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளைப் பற்றி இரண்டு நாளுக்குள் ஒரு குறிப்பு எழுதி அனுப்பச் சொல்லி மாணவர்களிடம் கேட்டபோது, சும்மா ஒப்புக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதினார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் எழுதினார்கள். ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்ற வாக்கியத்தின் சக்தி அது. பந்தலூர் மாணவிக்கு இந்த வாக்கியம் இப்படி வரும்: மழையில் கரண்ட் போனால், புத்தகத்தை மூடிவிட்டு அன்று படித்ததை அம்மாவிடம் சொல்லிக் காட்டுவேன். ஆறு மணிக்கு மேல் வழியில் யானை நின்று டியூஷனுக்குப் போக முடியாவிட்டால், பக்கத்து லயத்துத் தோழியோடு பழைய வினாத்தாளில் இரண்டு கணக்குப் போடுவேன். சமவெளிக்காரர் எழுதிய திட்டத்தில் யானைக்கு இடமிருக்காது.

அம்மாவிடம் சொல்லிக் காட்டுவதைப் பொழுதுபோக்காகச் சேர்க்கவில்லை. தானே அளக்கிறவருக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு, தராசு பொய் சொல்லும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் நான்கு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வைத்த தேர்வில் நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரத்துக்குப் பிறகு தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் படித்தவர்கள்தான். திரும்பத் திரும்பப் படிக்கும்போது எழுத்து பழகிப்போய், தெரிந்துவிட்டது போல ஒரு மயக்கம் வருகிறது. ‘மூன்று பாடம் முடித்தேன்’ என்று நோட்டில் எழுதும் மாணவி பொய் எழுதவில்லை, தவறான தராசில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். மூடிய புத்தகம்தான் சரியான தராசு. ஆசிரியர் கற்றுக்கொடுக்க வேண்டியது முதலில் அந்தத் தராசைப் படிக்கத்தான். அது கைவந்த பிறகு இலக்கு வைப்பதைப் பிள்ளையிடமே விடலாம்.

விட்ட பிறகு பிள்ளை சில நாள் தவறும். ஆசிரியருக்கு வேலை கூடுவது அப்போதுதான். வாலிபால் ஆடும் பெண்களை வைத்து கிட்சான்டஸும் சிம்மர்மேனும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பந்தைச் சர்வ் செய்யத் தவறியவர்களிடம் ஏன் தவறியது என்று கேட்டார்கள். தேர்ந்தவர்கள் கை வீச்சில் இன்ன பிழை என்றார்கள். புதியவர்கள் தங்கள் வலுவையோ திறமையையோ குறை சொன்னார்கள். இந்த மலையில் எஸ்டேட் மைதானங்களில் வாலிபால் வலை கட்டியிருக்கும். சாயங்காலம் அங்கே போய் நின்றால் சர்வ் வலையில் பட்டதும் ஒரு பையன் ‘மணிக்கட்டு மடங்கிடுச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தைக் கேட்பதைப் பார்க்கலாம். அதே பையன் மறுநாள் காலை பின்னக் கணக்கில் தவறும்போது ‘எனக்குக் கணக்கு வராது, சார்’ என்கிறான். பந்தைப் பற்றிப் பேச அவனிடம் மணிக்கட்டு, தோள், கால் வைக்கும் இடம், பந்தைத் தூக்கிவிடும் உயரம் என்று பத்துப் பெயர்கள் இருக்கின்றன. பின்னத்தைப் பற்றிப் பேச வரும், வராது என்ற இரண்டுதான் இருக்கின்றன. பகுதிகளைப் பொதுவாக்கினாயா, தொகுதியையும் அதே எண்ணால் பெருக்கினாயா, கடைசியில் சுருக்கினாயா என்று கணக்கையும் மணிக்கட்டு, தோள், கால் என்று பிரித்துக் கொடுத்தால், அடுத்த தவறுக்கு அவனே பெயர் வைப்பான்.